பையன் மேல் தப்பில்லை, லிமிட் போடாத என் மேல்தான்

பையன் பாறசாலையில் படிப்பதால், வீட்டுக் கணினியிலும் கேரளப் பள்ளிகளில் இருக்கிற அதே கைட் குனு/லினக்ஸ்தான். வீட்டில் ஒரே கணினி, மூன்று பேருக்கும் தனித்தனி யூசர் கணக்கு.

போன மாதம் ஒரு ராத்திரி தங்கமணி வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். அன்றுதான் கடைசி நாள். அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன், பைத்தானில் எழுதிய ஒரு லூப்பை நிறுத்தாமலே 'ஸ்விட்ச் யூசர்' கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அது பின்னால் ஓடி ஓடி மெமரி முழுவதையும் தின்றுவிட்டது. மௌஸ் கூட நகரவில்லை. பவர் பட்டனை அழுத்தி, திரும்ப உள்ளே போவதற்குள் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. விண்ணப்பம் போச்சு. "இனிமேல் பைத்தான் பக்கமே போகாதே" என்று பையனைக் கத்திவிட்டேன்.

மறுநாள் வங்கியில் ஓர் ஓவர்டிராஃப்ட் ஃபைலைப் பார்க்கும்போதுதான் உறைத்தது. கணக்கு திறக்கும்போதே லிமிட் போடுகிறோமே, வாடிக்கையாளர் திருடர் என்றா? பணம் எல்லோருக்கும் பொது என்பதால்தானே! நெய்யாறு கால்வாய் ஓடும் ஊர்கள் இவை. தலைமடைக்காரர் மடையைத் திறந்துவிட்டு அசந்து தூங்கினாலும் கடைமடை காயத்தான் செய்யும். கெட்ட எண்ணமே வேண்டியதில்லை.

லினக்ஸில் இதற்கு 'யூலிமிட்' இருக்கிறது. 'சாஃப்ட்' லிமிட்டை யூசரே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். 'ஹார்ட்' லிமிட்டைத் தாண்ட ரூட் அனுமதி வேண்டும். ஒருவர் எத்தனை ப்ராசஸ் ஓட்டலாம் என்று கட்டுப்படுத்த இது போதும். ஆனால் மெமரிக்கு இதில் ஓர் ஓட்டை: கணக்கு ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி. ஒன்றுக்கு 1 ஜிபி என்று வைத்தால், பத்து ப்ராசஸ் ஓட்டுபவர் 10 ஜிபி எடுத்துவிடலாம்.

வங்கிக்காரர்களுக்கு இந்த ஓட்டை தெரிந்ததுதான். அதனால்தான் ரிசர்வ் வங்கி ஒரே கடனாளிக்கு வங்கியின் டயர் 1 மூலதனத்தில் 20 சதவீதம் என்று நிறுத்தாமல், தொடர்புள்ள நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து 25 சதவீதம் என்றும் பொதுவாக வரம்பு வைத்திருக்கிறது. லினக்ஸில் அந்த 'குரூப் லிமிட்' வேலையைச் செய்வது சிகுரூப். கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜ், ரோஹித் சேத் இருவரும் 2006-ல் தொடங்கியது. 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24-ல் சேர்ந்தது. இப்போது சிஸ்டம்டி வழியாக ஒவ்வொரு யூசருக்கும் மொத்த மெமரி இவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஸ்வாப்புக்கும் மறக்காமல் தனி வரம்பு வையுங்கள், இல்லையென்றால் கழுதை அந்தப் பக்கமாகப் போய் மேயும் :-)

"லிமிட் போட்டால் பிள்ளைகள் எப்படிப் பரிசோதனை செய்து கற்பார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். எனக்கென்னவோ நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. லிமிட் இல்லாத வீட்டில்தான் ஒரு லூப் எழுதியதற்கு ஒரு பிள்ளை திட்டு வாங்குகிறது. தாராளமாகவே கொடுங்கள், அடுத்தவரை மூழ்கடிக்கும் இடத்தில் மட்டும் கோடு போடுங்கள்.

எங்கள் 8 ஜிபியில் இப்போது ஒருவருக்கு 5 ஜிபி. பையனிடம் மன்னிப்புக் கேட்டு, அதே லூப்பை மறுபடி ஓட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவன் நிரல் மட்டும் செத்தது. தங்கமணியின் கணக்கில் திறந்திருந்த பக்கம் அப்படியே இருந்தது. அந்த விண்ணப்பம்தான் திரும்ப வராது. அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கிறோம்.