வானுக்கும் வாயிற்காவலர்!

தோழனே! உலக உருண்டை ஒன்றை எடுத்துக்கொள். நூல் ஒன்றையும் எடு. பின்லாந்துத் தலைநகராம் ஹெல்சிங்கியிலே ஒரு முனையை வை. ஜப்பானின் டோக்கியோவிலே மறு முனையை வை. இழுத்துப் பிடித்துப் பார். சுவரிலே தொங்கும் படத்தில் தென்கிழக்காகச் சரியும் என்று நீ எண்ணிய வழி, உருண்டையிலே வடக்கே வளைந்து சைபீரியாவின் மேலே செல்லக் காண்பாய். அதுதான் குறுக்கு வழி. தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். விமானத்திற்கு ஒன்பதரை மணி நேரப் பயணம்.

2022 மார்ச்சில் அதே பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமாயிற்று! ஏன்? ஹெல்சிங்கி நகர்ந்ததா? டோக்கியோ விலகிற்றா? இல்லை, தோழனே, நகர்ந்தவை படைகள்! அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைன் மீது பாய்ந்தது. 27 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானை அடைப்பதாக அறிவித்தது. மறுநாளே ரஷ்யா, 36 நாடுகளின் விமானங்களுக்குக் கதவடைத்தது. பின்லாந்து விமானம் வடதுருவத்தையே சுற்றிக்கொண்டு டோக்கியோ போய்ச் சேர்ந்தது. துருவம் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழ் வேறு வழங்கினார்களாம்! மேடையிலே இப்படியொரு காட்சி அமைத்தால், மிகைப்படுத்துகிறான் என்பீர்கள்.

இது புதிய வழியுமன்று. சோவியத் வானம் மூடிக் கிடந்த 1983இலேயே, பின்லாந்து இதே துருவத்தின் மேலாக டோக்கியோவுக்கு இடைநில்லா விமானம் விட்டது. அதே 1983 செப்டம்பர் முதல் நாள், வழி தவறிச் சோவியத் வானில் புகுந்த தென்கொரியப் பயணி விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மாண்டவர் 269 பேர். அன்று சுற்றிப் போனவர்களைக் கோழைகள் என்பார் யார்?

நிலத்துக்கு வேலி உண்டு. வானத்துக்குமா என்று கேட்பாய். உண்டு! 1944இல் சிகாகோவில் உருவான உடன்படிக்கையின் முதல் விதியே அதுதான்: தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளி முழுவதும் அந்தந்த அரசுக்கே உரியது. ஆகவேதான், திறந்திருந்த காலத்திலும் சைபீரியாவின் மேல் பறக்க ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவுக்குக் காசு கட்டின. 2022க்குப் பின்னும் சீன விமானங்கள் அதே வானிலே தடையின்றிப் பறந்தன. தூரத்தைப் பூமி வகுத்தது. நேரத்தை வகுத்ததோ அரசுகளின் பகையும் உறவும்!

பின்லாந்து சிறு நாடு. மக்கள் தொகை 60 இலட்சத்துக்கும் குறைவு. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியா செல்லும் குறுக்கு வழியிலே தன் தலைநகர் இருக்கிறது என்பதே அதன் விமானத் தொழிலின் மூலதனம். அந்த மூலதனம் ஒரே நாளில் கரைந்தது. எரிபொருள் கூடிற்று, நேரம் கூடிற்று. போர் தொடுக்கும் முடிவெடுத்தவன் அங்கே இருக்க, சுமை இங்கே விழுந்தது.

ஆயினும், மூன்றரை மணி நேரம் போயிற்றே என்று முணுமுணுக்கும் பயணிக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. படை நுழைந்த அந்நாளிலேயே உக்ரைனின் வானம் பயணி விமானங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. கீவ் நகரத்தின் அருகிலே போரிஸ்பில் என்னும் பெரிய விமான நிலையம் உண்டு, ஓடுபாதை உண்டு, இறங்க விமானம் இல்லை. அந்நகரத்தாய் ஒருத்தி தொலைநாட்டில் வாழும் மகனைக் காண விரும்பினால், ரயிலிலோ பேருந்திலோ எல்லை கடந்து, போலந்தின் வார்சாவைப் போன்றதோர் அயல்நகரை அடைந்து, அங்கேதான் விமானம் ஏறவேண்டியதாயிற்று.