சொல்லிக் கொடுப்பவருக்கும் துணை வேண்டும்!

பத்து வருடமாகத் தையல் மெஷினோடு வாழ்பவர். அளவு எடுத்த அரை மணி நேரத்தில் பிளவுஸ் வெட்டி முடித்துவிடுவார். ஊரில் கல்யாணம் என்றால் அவர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். அப்படிப்பட்டவரை, 'வாங்கக்கா, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்க' என்று 30 பேர் முன்னால் நிறுத்திப் பாருங்கள். கை நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். 'எனக்குத் தைக்கத்தான் தெரியும். பேசத் தெரியாதே' என்பார்.

தையலில் மட்டுமல்ல... கறவை மாடு, காளான், பட்டுப்புழு, சிறுதானியப் பலகாரம் என எந்தத் தொழிலிலும் இப்படி ஒருவர் இருப்பார். கையில் தொழில் இருக்கும். அதை அடுத்தவர் கைக்கு மாற்றும் வித்தை இருக்காது. அந்த வித்தையையும் கற்றுக்கொள்ளலாம், அதற்குச் சான்றிதழும் வாங்கலாம். ஆனால், அந்தச் சான்றிதழ் வரை கைபிடித்து அழைத்துப்போக ஒருவர் வேண்டும். இந்த வாரம் அந்த 'ஒருவரை'ப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

தருமபுரி போட்ட பிள்ளையார் சுழி

இன்று தமிழ்நாடு முழுக்க மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. அரசுத் திட்டமாக இதற்கான முதல் அடி எடுத்து வைக்கப்பட்டது தருமபுரியில்தான். 1989-ம் ஆண்டு, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இங்கே குழுக்களைத் தொடங்கியது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று திட்டம் விரிந்தது. 1997-98-ல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநில அரசின் திட்டமாகவே வளர்ந்தது.

அந்தக் குழுக்களைக் கூட்டி நடத்தியது யார்? ஊருக்குள்ளேயே இருந்த பெண்கள்தான். 'ஊக்குநர்', 'பிரதிநிதி' என்று அவர்களுக்குப் பெயர். 12 முதல் 20 பெண்களை வட்டமாக உட்காரவைத்து, சேமிப்பு, கடன், தீர்மானப் புத்தகம் என்று ஒவ்வொன்றையும் பேசிப் புரியவைக்க வேண்டும். அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காத பெண்களும் அந்த வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கெனத் தனியாகப் பயிற்சி தரப்பட்டது. வகுப்பில் உட்கார்ந்து கற்றதோடு, குழுவை உண்மையில் நடத்திப் பார்த்துத்தான் அவர்கள் தேறினார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பயிற்றுநர் என்பவர் மேடைப் பேச்சாளர் அல்ல. எதிரில் இருப்பவரைப் பேசவைப்பவர், செய்யவைப்பவர்.

ஒரு நாள் கூலியின் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவிகிதம். மாநிலத்திலேயே கடைசி இடம். பெண்களில் ஏறக்குறைய 10-ல் 6 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. இங்கே ஒரு பயிற்றுநர் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டு, 'எல்லாரும் நோட்டுல எழுதிக்குங்க' என்றால், வகுப்பில் பாதிப் பேர் அந்த நிமிடமே வெளியேறிவிட்டதாக அர்த்தம். உடம்பு மட்டும் உட்கார்ந்திருக்கும்.

பென்னாகரம் பக்கத்திலிருந்தோ அரூர் பக்கத்திலிருந்தோ ஒரு பெண் பயிற்சிக்கு வருகிறார் என்றால், அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார். மாட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பிள்ளையை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறார். வகுப்பு சப்பென்று போனால் மறுநாள் வரமாட்டார். 'அதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று வீட்டில் முடிவாகிவிடும். அப்புறம் இன்னொரு முறை அவரை அழைத்து வருவது குதிரைக்கொம்பு. அதனால்தான் பயிற்றுநரின் தரம் என்பது எதிரில் இருப்பவரின் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயமாகிறது.

சான்றிதழ் எதைப் பார்க்கிறது?

இந்தியாவில் திறன் பயிற்சி தருபவர்களுக்கான சான்றளிப்பில் பொதுவாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று, தொழில் அறிவு. மற்றொன்று, வகுப்பு நடத்தும் திறன். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களிலும் பயிற்றுநர்களுக்கெனத் தனிச் சான்றளிப்பு உண்டு. இந்த நிறுவனங்களுக்கு முன்மாதிரி, 1982-ல் கர்நாடகாவின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய ருட்செட்டி. 'குறுகிய காலப் பயிற்சி, நீண்ட காலத் துணை' என்பது அவர்களின் வழி. பயிற்சி முடிந்ததும் கைகழுவிவிடாமல், தொழில் தொடங்கும்வரை பின்தொடர்வார்கள்.

உலக அளவிலும் இதுதான் நடைமுறை. 1994-ல் தொடங்கப்பட்ட சர்வதேச ஒருங்கிணைப்பாளர்கள் சங்கம், பட்டறை நடத்துபவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அதற்கு ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது. மதிப்பீட்டாளர்கள் முன்னிலையில் ஒரு சிறு பட்டறையை நடத்திக் காட்ட வேண்டும். எல்லோரையும் பங்கேற்க வைக்கிறாரா, கூட்டத்தைப் பயனுள்ள முடிவுக்குக் கொண்டுசேர்க்கிறாரா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

ஆக, எங்கே போனாலும் தேர்வின் மையம், 'செய்து காட்டு' என்பதுதான். நம்மவர்கள் பயப்படுவதும் அங்கேதான்.

வழிகாட்டி என்ன செய்யலாம்?

ஒரு புதியவரைத் தயார்ப்படுத்தும் பொறுப்பு உங்களிடமோ, உங்கள் குழுவில் மூத்தவரிடமோ வந்தால், இந்த வரிசையில் போகலாம்.

முதலில் பார்க்க விடுங்கள். அனுபவசாலி ஒருவரின் வகுப்பில், பின்வரிசையில் உட்காரட்டும். பயிற்றுநரைப் பார்க்காமல், வந்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிமிடத்தில் கொட்டாவி வந்தது, எப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்று குறிக்கட்டும்.

அடுத்து 10 நிமிடம் மட்டும் கொடுங்கள். முழு வகுப்பையும் தலையில் கட்ட வேண்டாம். தையல்காரருக்கு, ஊசியில் நூல் கோப்பதிலிருந்து ஒரு பகுதி. மாடு வளர்ப்பவருக்கு, மடியைக் கழுவுவதிலிருந்து ஒரு பகுதி. கையில் பொருள் இருந்தால் நாக்கு தானாக அவிழும்.

பிறகு ஒரு பக்கத் திட்டம் எழுதப் பழக்குங்கள். வகுப்பு முடியும்போது வந்தவர்கள் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? எவ்வளவு நேரம்? என்னென்ன பொருள்? தெரிந்துகொண்டார்களா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கே கேள்விகள்தான். எழுதத் தயங்கினால் அவர் சொல்லட்டும், முதல் முறை நீங்கள் எழுதுங்கள். அடுத்த முறை பேனா அவர் கைக்குப் போகட்டும்.

'புரிஞ்சுதா?' என்ற கேள்விக்குத் தடை போடுங்கள். அதற்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான்... 'புரிஞ்சுது!' அதற்குப் பதிலாக, 'இப்ப நீங்க செஞ்சு காட்டுங்க' என்று கேட்கப் பழக்குங்கள். புளியைக் கொட்டை நீக்கிப் பொட்டலம் போடுவது பற்றிய வகுப்பா? தராசைக் கொடுத்து நிறுக்கச் சொன்னால், யாருக்குப் புரிந்தது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குறை சொல்வதற்கும் முறை இருக்கிறது. வகுப்பு முடிந்ததும், 'உனக்கு எது நல்லா வந்துச்சு, எது வரலை?' என்று அவரிடமே முதலில் கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிடுவார். நல்லதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். திருத்த வேண்டியது பத்து இருந்தாலும், அன்றைக்கு ஒன்றை மட்டும் சொல்லுங்கள். வந்திருப்பவர்கள் முன்னால் ஒருபோதும் திருத்த வேண்டாம். அவர் தடுமாறும்போது குறுக்கே புகுந்து வகுப்பைப் பிடுங்கிக்கொள்வதுதான் வழிகாட்டிகள் செய்யும் பெரிய தவறு. அந்த அமைதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாக்கியத்தை அவரே கண்டுபிடிப்பார்.

கடைசியாக எழுத்துத் தேர்வு. தொழிலில் புலியாக இருப்பவர்கள் பலர் கேள்வித்தாளின் மொழியில் சறுக்குகிறார்கள். 'மதிப்பீடு', 'கற்றல் விளைவு' போன்ற சொற்களை, அவர் தினமும் செய்யும் வேலையோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். தைத்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாரே, அதுதான் மதிப்பீடு. முதலில் வாயால் பதில் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். முதல் முறை தேறாவிட்டால், 'தோத்துட்டே' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்தது என்று பார்த்து, அதை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள்.

சான்றிதழ் வந்த பிறகு...

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டும் நாளில் வழிகாட்டியின் வேலை முடிந்துவிடுவதில்லை. தனியாக நடத்தும் முதல் மூன்று வகுப்புகள்தான் கண்டம். பயிற்சிக்கு வந்தவரிலேயே நாலு பேர், 'எங்களுக்குத் தெரியாததா?' என்று மடக்குவார்கள். ஒருவரே பேசிக்கொண்டிருப்பார், பத்துப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். அந்த நாள்களில் மாலை ஒரு போன் செய்து, 'இன்னிக்கு எப்படிப் போச்சு?' என்று கேளுங்கள். அது பல பாடங்களுக்குச் சமம். மடக்குபவரையே உதவிக்கு அழைத்துக்கொள்ளலாம், பேசாதவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பேசவைக்கலாம் என்ற சின்னச் சின்ன உத்திகள் அந்த போனில்தான் கைமாறும்.

தையல் அக்காவிடம் திரும்புவோம். அவருக்குப் பேசத் தெரியாது என்பது உண்மையல்ல. வாசலில் நிற்கும் வாடிக்கையாளரிடம், 'கழுத்தை இவ்வளவு இறக்கினா தோள்ல நிக்காதும்மா' என்று தினமும் விளக்கிக்கொண்டுதானே இருக்கிறார்? அதே பேச்சுதான், இங்கே 30 பேர்... அவ்வளவுதான் வித்தியாசம். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்துவிட்டால், அடுத்த வருடம் அந்த 30 பேரில் ஒருத்தி சாக்பீஸைக் கையில் எடுப்பாள்.

உங்கள் ஊரிலும், கையில் தொழிலும் மனதில் தயக்கமுமாக ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரிடம் போய், '10 நிமிஷம் மட்டும் சொல்லிக் கொடுங்களேன்' என்று கேட்டுப் பாருங்கள்.