முத்திரை யாருடையது?

தோழா!

நள்ளிரவிலே பசைவாளியைச் சுமந்து நீ சுற்றிவரும் சுவர்களைப் பகலிலே ஒருமுறை பார்! குரோம்பேட்டையிலே, மேற்குத் தாம்பரத்திலே, சேலையூரிலே, பெருங்களத்தூரிலே, வண்டலூரிலே நமது பொதுக்கூட்ட அறிவிப்புக்குப் பக்கத்தில் வேறொரு சுவரொட்டியும் ஒட்டப்பட்டிருக்கக் காண்பாய். 'ஆறே மாதத்தில் கணினி வல்லுநர் ஆகலாம்! சான்றிதழ் உண்டு! வேலை உறுதி!' என்று அது பேசும். நமது சுவரொட்டி கேட்பது மக்களின் ஒரு மாலைப்பொழுதை. அந்தச் சுவரொட்டி கேட்பதோ ஓர் ஏழைக் குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பை!

"விலைவாசி இருக்கிறது, மாநில உரிமை இருக்கிறது, மொழிச் சிக்கல் இருக்கிறது, கணினிச் சான்றிதழா ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்குப் பொருள்?" என்று கேட்பாய். ஆம், அதுதான் பொருள்! நமது இயக்கத்தின் வரலாறு, மூடிய கதவுகளைத் தட்டித் தட்டித் திறந்த வரலாறு அன்றோ! 1921இல் பிறந்த வகுப்புரிமை ஆணை, அரசு அலுவலகத்தின் கதவைத் திறந்தது. 1953இல் பள்ளிப்பிள்ளைகளை அரைநாள் அப்பன் தொழிலுக்கு அனுப்பிய குலக்கல்வித் திட்டம், மக்கள் கிளர்ந்தெழுந்ததால் 1954இல் மண்ணைக் கவ்வியது. தொழிற்கல்லூரி வாசலிலே வழிமறித்து நின்ற நுழைவுத்தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அகற்றப்பட்டது. ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவிலே புதுப் பூட்டு தொங்கும். இன்றைய பூட்டு எது, அதன் சாவி எவர் கையில் என்று ஆராய்வது அரசியல் அன்றி வேறென்ன?

தாம்பரத்திலிருந்து கிழக்கே சென்று பார்! மேடவாக்கத்தைக் கடந்தால் சோழிங்கநல்லூர், அங்கிருந்து வடக்கே, 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட தரமணி, தெற்கே சிறுசேரி. சாலையின் இருமருங்கும் கண்ணாடி மாளிகைகள்! அந்த மாளிகையின் வாயிலிலே சீருடையுடன் நிற்கும் காவலர் நமது தெருக்காரர். தரையைத் துடைக்கும் தாய் நமது வட்டத்து வாக்காளர். அவர்கள் பெற்ற பிள்ளை அதே வாயிலில் நிற்பதா, உள்ளே நாற்காலியில் அமர்வதா என்பதே கேள்வி. அந்தத் தூரம் நூறு அடிதான். ஆனால் அதைக் கடக்க ஒரு தலைமுறை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைத்தான் சுவரொட்டிக்காரர் விலைபேசுகிறார்.

ஒரு சிறு காட்சி காண்போம். கற்பனைதான், எனினும் நீ காணாத காட்சியன்று.

இடம்: மாடிக் கட்டடத்தில் குளிரூட்டிய அறை. பயிற்சிநிலைய மேலாளரும், மகனை அழைத்துவந்த காவலரும்.

காவலர்: ஐயா, பையன் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டான். கணினி படிக்க ஆசைப்படுகிறான்.

மேலாளர்: அருமை! ஜாவா, பைத்தான், தரவுத்தளம், மூன்றும் சேர்த்து நாற்பதாயிரம். தவணையும் உண்டு. சான்றிதழ் கையிலே!

காவலர்: தேர்வு உண்டா, ஐயா?

மேலாளர்: உண்டு, உண்டு. நாங்களே வைக்கிறோம்.

காவலர்: திருத்துவது?

மேலாளர்: நாங்களே.

காவலர்: பையன் தவறிவிட்டால்...?

மேலாளர்: (சிரித்து) இங்கே இதுவரை யாருமே தவறியதில்லை, ஐயா!

கேட்டாயா, தோழா! எவருமே தவறாத தேர்வில் தேறினான் என்பதற்கு என்ன பொருள்? கட்டணம் கட்டினான் என்பது ஒன்றே பொருள்! அந்தச் சான்றிதழ், வண்ணம் பூசிய பற்றுச்சீட்டு. அதைச் சட்டமிட்டுச் சுவரிலே மாட்டலாம். மாளிகையின் மேசைமீது வைத்தால் மதிப்பார் இல்லை.

உடனே மறுகரையிலிருந்து ஒரு குரல் எழும். "சான்றிதழே வேண்டாம்! திறமை இருந்தால் போதும்!" அந்தக் குரலிலும் உண்மை இல்லாமல் இல்லை. 1991இல் லினக்ஸ் என்னும் இயக்குதளத்தின் கருவை உருவாக்கி உலகுக்கு அளித்த லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் உள்ளேயும் அந்தக் கருவே துடிக்கிறது. தொலைதூரம் போவானேன்? நமது கூடுவாஞ்சேரிக்கு அருகே வல்லாஞ்சேரியில் வளாகம் கொண்ட ஸோகோ நிறுவனம், பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயப் படிப்பும் முடித்தவர்களை 2005 முதல் தனது பள்ளியில் சேர்த்து, உதவித்தொகை தந்து பயிற்றி, நிரலாளர்களாக அமர்த்திவருகிறது. பட்டம் இல்லாதவனுக்கும் நிரல் எழுதும் மூளை உண்டு என்பதற்கு நமது ஜி.எஸ்.டி. சாலையே சாட்சி!

ஆயினும், 'திறமை போதும்' என்று பேசுவோர் யார் என்று கவனி! பெரும்பாலும் அவர், மாமன் ஒருவர் நிறுவனத்தில் மேலாளராக இருக்கப் பெற்றவர். அல்லது பெயர்பெற்ற கல்லூரியின் வாசல் வழியே வந்தவர். அவருக்கு அறிமுகம் பிறப்பிலேயே கிடைத்துவிட்டது. நானும் கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்டவன், பட்டம் பெறாதவன். நான் நிற்கும் மேடை என்னிடம் காகிதம் கேட்டதில்லை. பேச்சு பிடித்தால் கைதட்டல், பிடிக்காவிட்டால் கல்லெறி, தீர்ப்பு அங்கேயே! ஆனால் காவலரின் மகனுக்கு அத்தகைய மேடை ஏது? அவன் எழுதிய நிரலைப் பார்ப்பதற்கு முன்பே அவனது விண்ணப்பம் குவியலின் அடியிலே புதைந்துவிடுகிறதே! குவியலைப் பிரிப்பவர் முதலில் காண்பது காகிதத்தைத்தான். அறிமுகம் செய்விக்க ஆளில்லாதவனுக்கு, அந்தக் காகிதமே ஆள்.

ஆகவே, சான்றிதழ் என்பது ஓர் அறிமுகக் கடிதம். தொடக்கநிலையாளனுக்கு அது தேவை. இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டவனிடம் அதை எவரும் கேட்கமாட்டார். அவன் செய்த வேலையே பேசும். அறிமுகக் கடிதத்தின் மதிப்போ அதைச் சுமப்பவனைப் பொறுத்ததன்று, கையெழுத்திட்டவரைப் பொறுத்தது. எனவே 'சான்றிதழ் உண்டா?' என்பது பாதிக் கேள்வி. 'முத்திரை யாருடையது?' என்பதே முழுக் கேள்வி!

இதற்கு விடை காண வேற்று நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயிலிலே எத்தனை எத்தனை தட்டச்சர்கள், சுருக்கெழுத்தர்கள் அலுவலகத்துக்குப் பயணம் செய்திருப்பர்! அவர்களை உருவாக்கியவை எவை? ஓட்டுக்கூரையின் கீழே, நாலைந்து இயந்திரங்களோடு 'டக டக' என்று ஒலித்த தட்டச்சு நிலையங்கள்! அவையும் தனியார் நடத்தியவைதாம், கட்டணம் வாங்கியவைதாம். ஆனால் ஒரு பெரும் வேறுபாடு. கற்பித்தது நிலையம், தேர்வு வைத்தது அரசு! தொழில்நுட்பக் கல்வித்துறை நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்விலே, இயந்திரத்தின் முன் அமர்ந்து, கடிகாரம் ஓட, பிழையின்றித் தட்டிக்காட்ட வேண்டும். நிலையத்தாருக்கு வேண்டியவன் என்பதால் ஒரு சொல்லும் கூடாது. ஏழை என்பதால் ஒரு சொல்லும் குறையாது. அரசுப் பணித் தேர்வாணையம் தட்டச்சர் பணிக்கு ஏற்றுக்கொள்வது அந்த முத்திரையைத்தான். அகரம் பழகும் பிள்ளைக்கும் அலுவலக நாற்காலிக்கும் இடையே அது ஏணியாயிற்று. தமிழ்நாட்டுப் பெண்கள் எத்தனை பேர் அந்த ஏணியில் ஏறிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினர் என்பதை உன் தெருவிலேயே விசாரித்தறியலாம்.

கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர்! இந்த எளிய நியாயம் கணினிக்கு வந்தபோது எங்கே போயிற்று?

"பன்னாட்டு நிறுவனங்கள் தேர்வு வைக்கின்றனவே" என்பார் சிலர். வைக்கின்றன, அவற்றில் கண்டிப்பும் உண்டு. ஆனால் அந்த முத்திரையின் ஆயுளைப் பார்! 1990களின் இறுதியிலே மைக்ரோசாப்ட் வழங்கிய எம்.சி.எஸ்.இ. என்ற சான்றிதழுக்கு உலகெங்கும் மோகம். வினா விடைகளை நெட்டுருப் போட்டுத் தேறியோர் பெருகினர். இயந்திரத்தின் முன் அமர்த்தினால் விழித்தனர். அத்தகையோரைக் 'காகித எம்.சி.எஸ்.இ.' என்று அமெரிக்காவிலேயே எள்ளி நகையாடினர். 2021 ஜனவரியோடு அந்தச் சான்றிதழையே நிறுவனம் நிறுத்திவிட்டது. அமேசானின் மேகக் கணிமைச் சான்றிதழுக்கும், சிஸ்கோவின் வலையமைப்புச் சான்றிதழுக்கும் ஆயுள் 3 ஆண்டு. பிறகு மீண்டும் புதுப்பிக்க வேண்டும். வேலையில் இருப்பவனுக்கு அவை அணிகலன். அவன் நிறுவனமே செலவை ஏற்கக்கூடும். முதல் வேலை தேடுபவன் கடன் வாங்கி அணியத்தக்க அணிகலன் அன்று.

அப்படியானால் நல்ல முத்திரை நாட்டிலே இல்லையா? இருக்கிறது, நமது வாசலிலேயே இருக்கிறது! வேளச்சேரிக்குப் பக்கத்திலே கிண்டிக் காட்டை ஒட்டியிருக்கும் சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் சிறு கட்டணம் செலுத்தி, மையத்துக்கு நேரில் சென்று, கண்காணிப்பின் கீழ்த் தேர்வெழுத வேண்டும். அதே நிறுவனம் 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு, ஜே.இ.இ. என்னும் கோட்டைமதிலைத் தாண்டாமலே, தகுதிச் சுற்றில் தேறினால் நுழைய இடமளிக்கிறது. இடையில் நிற்க நேர்ந்தாலும் அடிப்படைச் சான்றிதழ், பட்டயம் என்று ஏறிய படிக்கு மதிப்புத் தருகிறது. ஒன்றிய அரசின் நைலிட் நடத்தும் 'ஓ' நிலைத் தேர்வும் உண்டு. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம், இத்தகைய பயிற்சிகளைக் கல்லூரி வகுப்பறைக்கே கொண்டுசென்றது. நாற்பதாயிரத்துக்குக் கையெழுத்திடும் காவலருக்கு இவற்றை எவரேனும் எடுத்துரைத்தார்களா? எடுத்துரைக்க வேண்டியவன் நீயன்றோ!

முத்திரையின் பின்னே சரக்கு இருக்கிறதா என்று அறியவும் வழி உண்டு. வாக்குச்சாவடி முகவராக நீ கையிலேந்தி அலையும் வாக்காளர் பட்டியலைப் போல் மாதிரிப் பட்டியல் ஒன்றைச் செய்து, பயிற்சி முடித்த இளைஞனிடம் கொடு. 'தெருவாரியாக எண்ணிச் சொல். இருமுறை வந்த பெயர்களைப் பொறுக்கித் தா' என்று கேள். நெட்டுருப் போட்டவன் ஒரே பெயர் கண்ட இடமெல்லாம் அடித்துத் தள்ளுவான். நிரலாளனோ நிமிர்ந்து பார்த்து, 'ஒரே தெருவில் இரண்டு முருகன் இருக்கலாமே! தந்தை பெயரையும் வயதையும் கதவு எண்ணையும் ஒப்பிட வேண்டாமா?' என்று கேட்பான். அந்தக் கேள்வியிலேதான் தொழில் இருக்கிறது, தோழா! இயந்திரமே நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் காலம் இது. எழுதித் தந்தது சரியா, தவறா, எவன் பெயர் அநியாயமாக விடுபட்டது என்று கண்டுபிடிப்பவனுக்கே இனி மதிப்பு. சிந்திக்கக் கற்றவனைக் காட்டும் சான்றிதழ் வாழும். மனப்பாடம் செய்தவனைக் காட்டும் சான்றிதழ் மாளும்.

எனவே நமது கோரிக்கை தெளிவானது. கோட்டையில் எவர் அமர்ந்திருப்பினும் அவரிடம் கேட்போம். தட்டச்சுக்குச் செய்ததை நிரலாக்கத்துக்கும் செய்க! கணினியில் அலுவலகத் தானியக்கத்துக்கு அரசுத் தேர்வு நடத்தும் தொழில்நுட்பக் கல்வித்துறைக்கு, நிரலாக்கத்துக்கும் இளநிலை, முதுநிலைத் தேர்வு நடத்துவது மலையைப் புரட்டும் வேலையன்று. தாளில் எழுதும் தேர்வாக அல்ல. கணினியின் முன் அமர்ந்து ஓடவைத்துக் காட்டும் தேர்வாக! கட்டணம், கூலித்தொழிலாளியின் ஒருநாள் ஊதியத்தைத் தாண்டாததாக! வினாத்தாள், தமிழிலும்! பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் தமிழிலே பைத்தானைக் கற்பிக்கிறது. கற்பிக்கத் தகுந்த மொழி தேர்வுக்குத் தகாமற் போகுமோ? 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த தாம்பரத்தின் பள்ளிகளே தேர்வு மையங்களாகட்டும்! தனியார் நிலையங்கள் கற்பிக்கட்டும், வேண்டாமெனவில்லை. முத்திரை மட்டும் மக்களுடையதாக இருக்கட்டும்!

அதுவரை நீ வாளாவிருக்கலாகாது. பயிற்சிநிலையத்துக்குப் போகும் பெற்றோருடன் நீயும் போ. நான்கு கேள்வி கேள். தேர்வு வைப்பவர் யார்? சென்ற ஆண்டு தவறியோர் எத்தனை பேர்? தேறியோருள் வேலை பெற்றவரை நேரில் காட்ட முடியுமா? நடுவில் நின்றால் பணம் திரும்புமா? நான்குக்கும் நேர்விடை வராவிட்டால், அந்தக் குடும்பத்தைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வா!

நமது முன்னோடிகள் தேநீர்க்கடை ஓரத்திலே படிப்பகங்களை அமைத்தனர். நாளிதழைப் பிரித்து ஒருவர் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றிநின்று கேட்டனர். கேட்டவர் பிள்ளைகள் பட்டதாரி ஆயினர். அந்தப் படிப்பகத்திலே இன்று ஒரு கணினி வை. 2011 முதல் பள்ளிகளில் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினி எத்தனை வீட்டில் பரணில் உறங்குகிறது. அதைத் தூசு தட்டி எடு. கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்துவிட்ட நமது தெருப்பிள்ளையை ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் வந்து சொல்லிக்கொடுக்கச் சொல். ஏறியவன் ஏணியை உதைக்காமல், கீழே நிற்பவனுக்குக் கைகொடுப்பதற்குப் பெயர்தான் சமூகநீதி!

இன்றிரவும் நீ சுவரொட்டி ஒட்டப் போவாய். 'வேலை உறுதி' என்று பொய்யுரைக்கும் அந்தத் தாளின்மேல் நமது தாளை ஒட்டி மறைப்பதால் பயனில்லை. விடிந்ததும் அதைப் படிக்க வரும் இளைஞனின் தோளிலே கைபோட்டு, 'தம்பி, முத்திரை யாருடையது என்று கேட்டாயா?' என்று வினவு. பசை காய்ந்ததும் உதிரும் சுவரொட்டியைவிட அந்த ஒரு கேள்வி நெடுநாள் நிற்கும்.