கீறாத இடமே பனி

டச்சு அச்சோவியத்தில் குளிர்காலக் காட்சிக்கு வழி திறந்தவர் பிளெமிஷ் ஓவியர் பீட்டர் புரூகல். ஆன்ட்வெர்ப் நகரின் புனித ஜார்ஜ் வாயிலுக்கு வெளியே, உறைந்த நீர்மேல் மக்கள் சறுக்கி விளையாடுவதை 1550-களின் இறுதியில் அவர் வரைந்தார். பிரான்ஸ் ஹாய்ஸ் அதைச் செப்புத்தகட்டில் செதுக்க, ஹிரோனிமஸ் கோக் வெளியிட்டார். மனித வாழ்வின் வழுக்கலைச் சுட்டும் லத்தீன் வாசகம் பிந்தைய பதிப்பொன்றில் ஏறியது; இடறி விழுவோரைப் பார்த்தவருக்கு அந்த உபதேசம் தேவையே இல்லை.

அடுத்த நூற்றாண்டில் உபதேசம் உதிர்ந்து, காட்சி மட்டும் நின்றது. சிறு பனியுகத்தின் கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்து பொதுவீதிகளாயின. ஹார்லெமில் யான் வான் டி வெல்டெ 1610-களில் மாதங்களையும் பருவங்களையும் தொடர்களாக அச்சிட்டார். அவற்றில் குளிர்காலத்துக்கும் உரிய இடம் கிடைத்தது.

இந்தக் கலையின் சூட்சுமம் சிக்கனம். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் தங்கும் மையே கோடாகத் தாளில் பதியும். கீறாத இடம் வெறும் தாள், அதுவே பனி. இலையற்ற மரக்கிளைகளோ ஊசிக்கென்றே வளர்ந்தவை போலிருக்கும். வண்ண ஓவியம் பாடுபட்டுக் கொண்டுவரும் குளிரை அச்சு சும்மா விட்டே கொண்டுவந்துவிடுகிறது. ஆனாலும் ரெம்பிராண்ட் தம் செப்புத்தகட்டில் சறுக்கும் ஆள் ஒருவரைப் பதித்தாரே தவிர, பனிநிலத்தைத் தைலவண்ணத்தில்தான் தீட்டினார். ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் பனிக்காட்சிகளுக்கே பேர்போனவர். அவருடைய வண்ணச் சித்திரங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஆம்ஸ்டர்டாமின் கார்னெலிஸ் ப்ளூஸ் வான் ஆம்ஸ்டெல்.