ரயில்வேயோட நின்னுடணுமா?
ஏலப்பாறை மலையிறங்கினா கோட்டயம். அந்த ஊர் கீது அன்னா ஜோஸ், சங்கனாசேரி அசம்ப்ஷன் காலேஜ்ல ஆடி, 2011ல அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணித் தேர்வு வரை போனவங்க. சோறு போட்டது தெற்கு ரயில்வே. 2021ல பத்மஸ்ரீ வாங்கின சென்னை அனிதா பால்துரைக்கும் ரயில்வேதான். நல்ல வேலைதான், இல்லைங்கல. ஆனா பாஸ்கெட்பால் தெரிஞ்ச பொண்ணுக்கு பாஸ்கெட்பாலே வேலையாகக் கூடாதா?

இங்க அமெரிக்காவுல பெரிய காலேஜ் பெண்கள் டீமுக்கு துணைக் கோச் மட்டுமே மூணு பேருக்குக் குறையாது. ஸ்கூல் ஸ்கூலா ஆள் தேடுறது, எதிரணி வீடியோவை அலசுறது, ஷூட்டிங் சொல்லித் தர்றது... முழுநேரச் சம்பளம். நம்மூர்ல பல காலேஜ்ல எல்லா விளையாட்டுக்கும் ஒரே பி.டி. சார் (பாவம் மனுஷன்!).

கொழுந்து கிள்ளுற அம்மா, "பந்து விளையாடி என்னடி ஆகப்போற?"ன்னு கேட்டா, லயத்துப் பொண்ணு என்ன சொல்லும்? பழைய மாணவர்னு நன்கொடை கேட்டு வர்ற காலேஜ்கிட்ட இனி சொல்லுவோம்: கட்டடம் போதும், ஒரு துணைக் கோச்சுக்குச் சம்பளம் போடுங்க.