தலைக்கு மேல் சுற்றினால் உயிர் வராது

தண்ணீரில் விழுந்த பிள்ளையை வெளியே தூக்கியதும் நம்மூரில் என்ன நடக்கிறது? கூட்டத்தில் வலுவான ஆள் ஒருவர் பிள்ளையின் இரண்டு கணுக்கால்களையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிப்பார். தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் நாலு தட்டு தட்டுவார். அதற்கும் அழவில்லை என்றால் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவார். "சுத்துடா, நல்லா சுத்து, குடிச்ச தண்ணி வெளில வரட்டும்" என்று நாலா பக்கமும் குரல் கிளம்பும். சுற்ற முடியாத அளவுக்கு வளர்ந்த பிள்ளை என்றால் மல்லாக்கப் போட்டு வயிற்றைப் பிசைவார்கள். வாயோரம் கொஞ்சம் தண்ணீர் வழிந்துவிட்டால் போதும், "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். காரைக்கால்மேடு என்கிற நம் மீனவ ஊரில் மட்டும் இல்லை. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, நாகை, வேதாரண்யம் என்று கரையோரம் முழுக்க இதுதான் வைத்தியம். ஆற்றங்கரை விவசாயி வீட்டிலும், சென்னையின் அடுக்குமாடியிலும் இதேதான்.

இதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. மந்திரமும் தாயத்தும் இதில் கிடையாதுதான். ஆனால் தாயத்து கட்டுவதால் பிள்ளைக்குக் கெடுதல் எதுவும் வந்துவிடாது. இந்தச் சுற்றலோ, பிழைக்க இருந்த பிள்ளையின் கடைசி சில நிமிடங்களைத் தின்றுவிடுகிறது.

மூழ்கிய பிள்ளையின் வயிற்றில் தண்ணீர் இருக்கும், வாஸ்தவம். அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளையின் உயிர் போவது காற்று இல்லாமல். மூச்சு நின்றதும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. இதயம் கொஞ்ச நேரம் சமாளித்துத் துடிக்கிறது, பிறகு தளர்ந்து நிற்கிறது. நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. நுரையீரலில் தண்ணீர் போயிருக்குமே என்பார்கள். போயிருக்கும், பெரும்பாலும் கொஞ்சம்தான், அதையும் உடம்பு வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. குடத்தைக் கவிழ்த்தால் கொட்டுவது போல அங்கிருந்து எதுவும் கொட்டாது. கவிழ்க்கும்போது கொட்டுவதெல்லாம் வயிற்றுச் சரக்கு. காலையில் குடித்த பாலும் தின்ற சோறும் தண்ணீரோடு கலந்து தொண்டைக்கு ஏறி, நினைவில்லாத பிள்ளையின் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. தண்ணீரில் தப்பிய நுரையீரலை இப்படித் தரையில் வைத்து நாமே கெடுக்கிறோம்.

"எங்க பெரியப்பா பையனை அப்படித்தான் பிழைக்க வெச்சாங்க" என்று அடித்துச் சொல்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. சீக்கிரமே தூக்கப்பட்ட பிள்ளைக்கு இதயம் துடித்துக்கொண்டிருக்கும், மூச்சும் லேசாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையைச் சுற்றினாலும் இருமி அழும், சும்மா ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தாலும் இருமி அழும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. சுற்றியும் பிழைக்காத பிள்ளைகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அவர்களைப் பற்றி "விதி முடிஞ்சிடுச்சி" என்று சொல்லிவிடுகிறோம். பிழைத்தால் சுற்றியவருக்குப் பேர், செத்தால் விதிக்குப் பழி. இப்படியொரு கணக்கில் எந்த வைத்தியம்தான் தோற்கும்?

நம்பிக்கையை ஊருக்கு ஊர் கொண்டுபோனதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு. ஆற்றில் விழுந்த கதாநாயகியைக் கரையில் கிடத்தி நாயகன் வயிற்றை இரண்டு அமுக்கு அமுக்குவார். வாயிலிருந்து குழாய் திறந்த மாதிரி தண்ணீர் பீறிடும். அவர் கண் விழித்து நாணப்படுவார். அரை நூற்றாண்டாக இதையே பார்த்து வளர்ந்திருக்கிறோம். உண்மையில் உயிர் காக்கக்கூடிய வாய்வழி மூச்சு நம் படங்களுக்கு என்னவாகத் தெரிந்தது? முத்தம் கொடுக்க ஒரு சாக்காக. நகைச்சுவை நடிகர் உதட்டைக் குவித்துக்கொண்டு ஓடி வருவார், தியேட்டர் சிரிக்கும். அந்தச் சிரிப்பின் கூச்சம்தான் பெற்ற பிள்ளையின் வாயில் வாய் வைக்கப் போகிற தகப்பனையும் பின்னுக்கு இழுக்கிறது. கைபேசி வந்த பிறகு கதை இன்னும் மோசம். மூழ்கிச் செத்தவரை உப்பில் புதைத்தால் எழுந்துவிடுவார் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. 2022இல் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் ஒரு சிறுவனின் உடலை உப்புக் குவியலுக்குள் மணிக்கணக்கில் வைத்துக் காத்திருந்தார்கள் பெற்றவர்கள்.

இதைப் படிப்பறிவில்லாத மீனவச் சனத்தின் அறியாமை என்று எண்ணிக்கொள்ளும் படித்தவர்களுக்கு ஒரு செய்தி. இதே மாதிரி வைத்தியம் ஐரோப்பாவிலும் நடந்திருக்கிறது. கால்வாய்களில் ஆட்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்த ஆம்ஸ்டர்டாமில், 1767இல் மூழ்கியவர்களை மீட்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774இல் லண்டனிலும் ஒன்று. மூழ்கியவரைப் பீப்பாய் மேல் குப்புறப் போட்டு உருட்டுவது அந்தக் காலத்து முறைகளில் ஒன்று. இன்னொன்று, புகையிலைப் புகையைத் துருத்தி வைத்து ஆசனவாய் வழியாக ஊதுவது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கான கருவிப் பெட்டிகளையே தயாராக வைத்திருந்தார்கள். வாயோடு வாய் வைத்து ஊதும் முறையும் அப்போதே தெரிந்திருந்தது, இந்தக் கூத்துக்களுக்கு நடுவில் அது பின்தங்கிப்போனது. 1950களில்தான் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சாஃபர் என்ற இரண்டு மருத்துவர்கள் அதை மீட்டெடுத்தார்கள். நாம் வெளிவிடும் காற்றிலும் சுமார் 16 சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. இன்னொரு உயிரைத் தாங்கிப் பிடிக்க அது போதும். மருந்து கொடுத்து மூச்சை நிறுத்திய தன்னார்வலர்கள் மேல் சாஃபர் இதைச் செய்தே காட்டினார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. தொண்டையில் அடைத்ததை வெளியேற்ற வயிற்றை அழுத்தும் முறையை 1974இல் அறிவித்துப் புகழ்பெற்ற ஹென்றி ஹெய்ம்லிக், மூழ்கியவர்களுக்கும் அதுவே முதல் சிகிச்சை என்று வருஷக்கணக்கில் வாதாடினார். 1990களில் அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு அதைப் பரிசீலித்து, வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. வயிற்றை அமுக்கும் ஆசை பெரிய டாக்டரையும் விடவில்லை என்றால் நம் பெரியம்மாவை மட்டும் எப்படிக் குறை சொல்வது? ஆனால் டாக்டர்கள் அதை விட்டுவிட்டார்கள். நாம் விடவில்லை, அதுதான் என் கோபம்.

சரி, சுற்றக்கூடாது என்றால் என்ன செய்வது? தட்டிக் கூப்பிட்டும் பிள்ளை அசையவில்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை. தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். நெற்றியில் ஒரு கை, மோவாயின் கீழ் இரண்டு விரல். தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து மோவாயை உயர்த்துங்கள். கைக்குழந்தை என்றால் தலையைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டாம், முகம் நேராக வானத்தைப் பார்த்தால் போதும். கைக்குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடுங்கள். பெரிய பிள்ளை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் மட்டும். நெஞ்சு மெல்ல எழும் அளவுக்கு, ஒரு நொடி நேரம், ஊதுங்கள். முதலில் இப்படி ஐந்து மூச்சு. அப்படியும் அசைவில்லையா? நெஞ்சின் நடுவில், முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே, நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி அழுத்துங்கள். கைக்குழந்தைக்கு நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்கள்; வளர்ந்த பிள்ளைக்கு ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்து, பிறகு இரண்டு மூச்சு, மறுபடி 30. பக்கத்தில் இருப்பவர் 108க்குப் போன் போடட்டும். ஆம்புலன்ஸ்காரர் வந்து கையில் வாங்கும்வரை, அல்லது பிள்ளை தானாக மூச்சு விடும்வரை நிறுத்தாதீர்கள்.

நடுவில் பெரும்பாலும் வாந்தி வரும். பிள்ளையை ஒரு பக்கமாகத் திருப்பி வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். வெள்ளை நுரை வந்துகொண்டே இருந்தால் அதைத் துடைத்துத் துடைத்து நேரத்தை விடாதீர்கள், அதன் மேலேயே ஊதலாம். மூச்சு இருந்து நினைவு மட்டும் இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத் துணியைக் கழற்றிக் கதகதப்பாகப் போர்த்தி, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். எழுந்து விளையாட ஆரம்பித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

இங்கே படித்தவர்கள் செய்யும் தவறையும் சொல்லிவிடுகிறேன். வாயில் ஊத வேண்டியதில்லை, நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று சில காணொளிகள் கற்றுக்கொடுக்கின்றன. நடுத்தெருவில் மாரடைப்பில் இதயம் நின்று விழுந்த பெரியவருக்கு அது சரி. அவர் ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது, ஓட்டம்தான் நின்றிருக்கிறது. மூழ்கிய பிள்ளையின் ரத்தத்தில் ஆக்சிஜனே தீர்ந்துபோயிருக்கும். அதை ஓடவைத்து என்ன பயன்? அங்கே மூச்சுதான் மருந்து.

அடுத்த கேள்வி, பிள்ளைகள் எங்கே மூழ்குகிறார்கள் என்பது. காரைக்கால்மேடு என்றதும் எல்லோருக்கும் கடல் ஞாபகம் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வராமலும் இருக்காது. அன்று காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோர் போனார்கள், பிள்ளைகள் எத்தனையோ பேர். அதற்குப் பிறகு பாதுகாப்பு என்றாலே பேரலை, சைரன், ஒத்திகை என்று ஆகிவிட்டது. நடக்கப் பழகிய பிள்ளைக்கு ஆபத்து அவ்வளவு தூரத்தில் இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைத்த நீல டிரம், குளியலறை வாளி, மூடி உடைந்த தொட்டி, மழைக்குப் பிறகு வீட்டோரம் தேங்கிய பள்ளம். ஒன்றரை வயசுப் பிள்ளைக்குத் தலைதான் கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் கால் மேலே, தலை உள்ளே, எழ முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். சத்தமும் வராது. கத்துவதற்கு மூச்சு வேண்டுமே.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசுப் பிள்ளை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது நாலு நாள் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. பக்கெட்டில் மூழ்கிய பிள்ளைக்குப் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி. 2021இல் உலகம் முழுக்க மூழ்கி இறந்தவர்கள் 3 லட்சம் பேர், அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"எங்க புள்ளைங்க கடல்ல பொறந்ததுங்க, தண்ணி ஒண்ணும் பண்ணாது" என்ற பெருமைப் பேச்சையும் இதோடு சேர்த்து ஒழிக்க வேண்டும். பத்து வயசில் அலையில் பாய்கிற பையன் ஒன்றரை வயசில் அதே டிரம்முக்கு முன்னால் நின்றவன்தான். பிறவியிலேயே நீந்தத் தெரிந்த சாதி என்று உலகத்தில் எதுவும் இல்லை.

வங்கதேசத்தில் பிள்ளைகள் எந்த நேரத்தில் மூழ்குகிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அம்மா வேலையாக இருக்கும் முற்பகல் நேரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் மூழ்குகிறார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில், பயிற்சி பெற்ற ஒரு பெண் பார்த்துக்கொள்ளும் 'ஆஞ்சல்' காப்பகங்களைத் திறந்தார்கள். அங்கே சேர்ந்த பிள்ளைகளிடையே மூழ்கும் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நம்மூர்க் காலையும் அப்படித்தான். ஆண்கள் கடலில், பெண்கள் ஏலத்திலும் மீன் கூடையோடு தெருவிலும், பிள்ளை ஆயாவிடம். பால்வாடி எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மூன்று வயசுக்கு மேல். ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும், அதாவது மிக ஆபத்தான வயசில், பார்த்துக்கொள்ளக் கண் மங்கிய ஒரு கிழவிதான்.

அதனால் பயிற்சியை இளவட்டங்களுக்குக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டிரம்மில் பிள்ளை விழும் நேரத்தில் அந்த இளவட்டம் பத்து மைலுக்கு அப்பால் வலை இழுத்துக்கொண்டிருப்பான். கற்க வேண்டியவர்கள் ஆயாக்களும், தம்பியை இடுப்பில் சுமக்கும் அக்காக்களும். ஜிப்மர் மருத்துவக் கல்லூரி 2016இல் காரைக்காலில் கிளை தொடங்கி எத்தனை வருஷம் ஆகிறது! மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், பயிற்சிப் பொம்மைகளும் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; அப்போது ஊரே ஊரில் இருக்கிறது. கடலுக்கு என்றைக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போடுகிற பஞ்சாயத்தார், வீட்டுக்கு ஒரு பெண் வந்து பொம்மையின் வாயில் ஊதிப் பழக வேண்டும் என்றும் ஒரு கட்டுப்பாடு போடலாம். மூடியில்லாத டிரம்முக்கு அபராதமும் போடலாம். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள்.