நாய் வரைந்த காசு

"நாய்க்குப் போய் நாலாயிரத்து ஐநூறா?"

போன மாதம் அடையாறில் ஒரு ஃபிளாட்டின் ஹாலில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்டவர் கெட்ட மனிதர் இல்லை. வந்தவுடன் காபி கொடுத்தார். பத்து வருஷம் அந்த வீட்டில் வளர்ந்து செத்துப்போன லாப்ரடாரின் படத்தைத்தான் என் மனைவியின் தங்கை மகள் கலர் பென்சிலில் வரைந்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கட்டி எடுத்து வந்திருந்தாள். அதில் என் பங்கு கார் ஓட்டியது மட்டும்தான்.

விலை முன்கூட்டியே பேசியது. வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே இருக்கிறது. பாதி முன்பணம் கேட்டதற்கு, "நாங்க எங்கம்மா ஓடிப்போகப் போறோம்" என்று சொல்லி ஐநூறு ரூபாய் அனுப்பியிருந்தார். இப்போது படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி. கூடவே செல்போனை எடுத்து நீட்டினார். "என் பையன் பண்ணினது. ரெண்டு செகண்ட். பென்சில் டிராயிங் மாதிரியே இல்ல?"

நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் முழங்கையைத் தொட்டு நிறுத்திவிட்டாள். ஜிபேயில் 2,500 ரூபாய் வந்தது. மீதி 1,500-ஐ "அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றார். நம்மூரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

காரில் திரும்பும்போது அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்கும் உட்கார்ந்த நேரத்தைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். இந்த லாப்ரடாருக்கு 31 மணி நேரம். பேசிய விலையே மணிக்கு 145 ரூபாய்தான். கைக்கு வந்ததைக் கணக்குப் போட்டால் 97 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. அதே நாயை மாதாமாதம் குளிப்பாட்டி, நகம் வெட்டி, காது துடைத்துவிடக் கொடுத்தது 1,500 என்று அந்த வீட்டம்மா காபி குடிக்கும்போதுதான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாய்க்கா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. குட்டியாக வாங்கும்போது கொடுத்த காசுக்கும் கேட்டிருக்க மாட்டார்கள். வரைகிறவள் வந்து நின்றால் மட்டும் அது வெறும் நாய் ஆகிவிடுகிறது!

இது என்ன அப்படி வேலை என்று கேட்பவர்கள் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். முதலில் ரோமம். அது ஒரே திசையில் ஓடாது. மூக்குத்தண்டிலிருந்து கிளம்பி நெற்றியில் பிரிந்து, காதடியில் சுழித்து, கழுத்தில் சரிந்து விழும். திசை தப்பினால் நாய் பஞ்சு பொம்மையாகிவிடும். அடுத்து மீசை. கறுப்பின் மேல் வெள்ளைப் பென்சிலை எவ்வளவு தேய்த்தாலும் சாம்பல்தான் வரும். அதனால் வண்ணம் தொடுவதற்கு முன்பே, மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் தாளில் பள்ளமாகக் கோடு கீறி வைத்துவிடுகிறாள். பிறகு மேலே பென்சிலை ஓட்டும்போது பள்ளத்தில் நிறம் இறங்காமல் மீசை வெள்ளையாக நிற்கிறது. ஆக, கடைசி நாள் தெரியப்போகும் முடி எங்கே இருக்கவேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தாகவேண்டும்.

கலர் பென்சிலில் இருப்பது மெழுகோ எண்ணெயோ சேர்த்துக் குழைத்த நிறம். லேசாக, ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்கடுக்காகத்தான் ஏற்றவேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் தாளின் சொரசொரப்பு அடைந்துபோய் அதற்கு மேல் எதுவும் ஒட்டாது. லாப்ரடாரை நாமெல்லாம் வெளிர் மஞ்சள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அவள் அந்த மஞ்சளுக்கு ஒன்பது பென்சில் எடுத்தாள். நிழலில் ஊதாகூட இருக்கிறதாம். நானும் உற்றுப் பார்த்தேன். இருக்கிறது.

கறுப்பு நாய் வந்தால் இன்னும் பாடு. கிராஃபைட் பென்சிலில் எத்தனை 'பி' போட்டாலும் முழுக் கறுப்பு கிடைக்காது. ஒரு பக்கமாகத் திருப்பினால் ஈயப்பாத்திரம் மாதிரி பளபளக்கும். அதனால் கறுப்புக்கு மை. மையில் ரப்பருக்கு வேலையே கிடையாது. முப்பது மணி நேர உழைப்பு கடைசி அரை மணியில் ஒரு சொட்டில் போய்விடலாம்.

இதையெல்லாம் எந்த போட்டோவை வைத்துக்கொண்டு செய்கிறாள் என்பது தனிக் கூத்து. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி, மங்கி, தபால்தலை அளவுக்கு வந்து சேரும். மொபைலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்திருப்பார்கள். மூக்கு பூசணிக்காயாகவும் காது வெற்றிலையாகவும் இருக்கும். இல்லாவிட்டால் ராத்திரி ஃபிளாஷ் போட்டு எடுத்தது. நாயின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் உண்டு. அதனால் இரண்டு கண்ணும் பச்சை விளக்காக எரியும். "கண்ணு மட்டும் நார்மலா போட்டுடும்மா" என்று ஒரு வரி கூடவே வரும். இல்லாத கண்ணை எங்கிருந்து போடுவது? அந்த நாயின் வேறு போட்டோக்களைக் கேட்டு வாங்கி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் போடுகிறாள். செத்துப்போன பிராணி என்றால் புது போட்டோவுக்கும் வழியில்லை.

இப்போது அந்த ரெண்டு செகண்ட் படத்துக்கு வருகிறேன்.

படம் வரையக் கொடுக்கும்போது அந்த மனிதர் போனில் ஒன்று சொல்லியிருந்தார். "இடது காது நுனில ஒரு சின்ன வெட்டு இருக்கும்மா. தெரு நாய் கடிச்சது. விட்டுடாதே." போட்டோவில் அந்த இடம் நிழலில் சரியாகத் தெரியவில்லை. அவள் மறுபடி போன் செய்து, எவ்வளவு ஆழம், முடி முளைத்ததா இல்லையா என்றெல்லாம் கேட்டு வரைந்தாள். மகன் செல்போனில் செய்த படத்தில் இரண்டு காதும் முழுசாக, அழகாக, ஷாம்பு விளம்பரத்து நாய் மாதிரி இருந்தன. ஏ.ஐ.யைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆயிரமாயிரம் லாப்ரடார்களைப் பார்த்துப் பழகிய அது, ஒரு லாப்ரடாரைக் கொடுத்தது. இவர் கேட்டதோ இவருடைய நாயை. தானே ஞாபகப்படுத்திய வெட்டு தன் கையிலிருக்கும் போனில் இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை குறைக்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது படமா, ஜெயிப்பதா?

ரெண்டு செகண்ட் படம் போதும் என்பவர்கள் தாராளமாக அதையே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் ஒரு சண்டையும் இல்லை. வரையச் சொல்லிவிட்டு, வரைந்து முடித்தபின் அதைக் காட்டிப் பேரம் பேசுவதுதான் அயோக்கியத்தனம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "நாட்டுல எத்தனை பேர் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படறாங்க, இவங்க நாய்க்குப் படம் மாட்டறாங்க" என்று நெஞ்சில் கை வைத்துப் பேசுகிறவர்கள். ஐயா, அந்த நாலாயிரத்து ஐநூறை நாய் சாப்பிடவில்லை. பென்சில் விற்றவருக்கும், தாள் விற்ற கடைக்கும், ஃபிரேம் போடுகிற பாய்க்கும், வில்லிவாக்கத்தில் வாடகை கொடுக்கிற ஒரு பெண்ணுக்கும்தான் போகிறது. படம் வாங்காமல் மிச்சம் பிடித்ததை நீங்கள் எந்த அநாதை ஆசிரமத்துக்கு அனுப்பினீர்கள் என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

கலை உலகத்துப் பெரிய மனிதர்கள் வேறு ரகம். ஒரு கண்காட்சிக்காரர் அவளிடம், "நல்ல கை இருக்கு, ஏன் நாய், பூனைன்னு வீணாக்கறே?" என்று கேட்டாராம். ஜஹாங்கீர் பாதுஷா தனக்கு வந்த வான்கோழியையும் வரிக்குதிரையையும் உஸ்தாத் மன்சூரை வைத்து வரைய வைத்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது. இங்கிலாந்தில் ஒரு பிரபு தன் குதிரையை ஜார்ஜ் ஸ்டப்ஸிடம் வரையச் சொன்னார். அந்த 'விசில்ஜாக்கெட்' படத்தை லண்டன் நேஷனல் கேலரி 1997-ல் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பாதுஷாவும் பிரபுவும் சொன்னால் கலை, அடையாறு ஃபிளாட்டில் சொன்னால் கைவேலை. அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவு தூரம் போவானேன்? திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ம் நூற்றாண்டு. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு வைத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய் மட்டுமில்லை, நாயின் பெயரும். கோவிவன். கள்ளரை அது கடித்ததையும் எழுதி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே தனியாகக் கல் இருக்கிறது. எடுத்தனூர்க்காரர்கள் சிற்பியிடம், "வீரன் மட்டும் போதும்ப்பா, நாய்க்கெல்லாம் எதுக்குத் தனிக் கூலி" என்று சொல்லியிருந்தால், ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து நமக்குக் கோவிவனைத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்து ராஜாக்கள், சேனாதிபதிகள் எத்தனை பேர் பெயர் காணாமல் போய்விட்டது! கோவிவன் இருக்கிறான்.

நீங்கள் தினமும் பார்த்த ஒரு நாய்ப் படத்தையும் சொல்கிறேன். பழைய எச்.எம்.வி. இசைத்தட்டின் நடுவில் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அது கற்பனை நாய் இல்லை. பெயர் நிப்பர். வளர்த்தவர் இறந்தபின் அவர் தம்பி ஃபிரான்சிஸ் பராட் என்ற ஓவியரிடம் வந்து சேர்ந்தது. 1895-ல் செத்தது. மூன்று வருஷம் கழித்து அவர் அதை நினைவிலிருந்து எடுத்து வரைந்தார். 1899-ல் கிராமபோன் கம்பெனி அந்தப் படத்தை 100 பவுண்டுக்கு வாங்கியது. படத்துக்கு 50, அதை உபயோகிக்கும் உரிமைக்கு 50. அந்தக் கம்பெனி உரிமைக்குத் தனிக் காசு கொடுத்தது. நம்மவர்கள்?

இந்தியாவில் 1957-ம் வருட காப்பிரைட் சட்டத்தின் 17-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? காசு கொடுத்து உருவப்படம் வரையச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, காப்பிரைட் வரையச் சொன்னவருக்கே போகும். வரைந்தவருக்கு இல்லை. அவர் அதைக் காபிக் கோப்பையில் அச்சடிக்கலாம், காலண்டர் போட்டு விற்கலாம். படைத்தவள் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-வது பிரிவில் அவளுக்கு மிச்சமிருக்கிறது. அதையும் விடுவதில்லை. ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று கையெழுத்துப் பக்கமாக ஒரு இஞ்ச் வெட்டிவிட்ட புண்ணியவானை எனக்குத் தெரியும். ஆனால் பாருங்கள், 17-வது பிரிவின் அந்தச் சலுகை காசு கொடுத்தவர்களுக்குத்தான். ஓசியில் வரைய வைத்தவர்களுக்குக் கிடையாது என்றுதான் நான் படித்துப் புரிந்துகொள்கிறேன். இளம் ஓவியர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு பக்கத்துக்காவது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பணம் வராமல் பென்சிலைச் சீவாதீர்கள்.

ஓவியர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. போட்டோவை மங்கலாகப் பிரிண்ட் எடுத்து அதன் மேலேயே கலர் பென்சிலை ஓட்டி, கையால் வரைந்தது என்று விற்பவர்கள் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று மாசம் போனை எடுக்காதவர்களும் உண்டு. வெயில் பட்டால் ஆறு மாசத்தில் வெளுக்கிற மலிவுப் பென்சிலில் போட்டுக் கொடுப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களால்தான் ஒழுங்காக வேலை செய்கிறவளும் ஐநூறு ரூபாய் முன்பணத்துக்குக் கெஞ்சவேண்டியிருக்கிறது. அவளுடைய அப்பா வேறு, "கருவாடு வித்த காசு நாறுமா, நாய் வித்த காசு குரைக்குமா, விடும்மா" என்று சமாதானம் சொல்கிறார். காசு குரைப்பது இருக்கட்டும் சார். வந்தால்தானே!

இவ்வளவு ஆவேசமாக எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எதிரே சுவரில் முத்து. எங்கள் நாய். ஜாதி கீதி ஒன்றும் கிடையாது. தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்த கறுப்பன். 2019-ல் செத்துப்போனான். அவன் போன மறு வாரம், காலேஜில் படித்துக்கொண்டிருந்த இதே பெண்ணிடம்தான், "சும்மா ஒரு படம் போட்டுக் கொடேன்" என்றேன். மையிலும் பென்சிலிலும் போட்டுக் கொடுத்தாள். முத்து அப்படியே இருக்கிறான். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பதிலுக்கு அவளுக்கு நான் கொடுத்தது அரைக் கிலோ மைசூர்பா.

போன் போட்டு, "அப்ப எவ்வளவு நேரம்மா ஆச்சு?" என்று கேட்டேன். அப்போது நோட்டு போடவில்லையாம். "ஒரு பதினெட்டு மணி நேரம் இருக்கும். எதுக்குப் பெரியப்பா?" என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டு, அவளுடைய ரேட்டிலேயே மணிக்கு 145 என்று கணக்குப் போட்டு 2,610 ரூபாய் அனுப்பினேன்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "பெரியப்பா, ஃபிரேம் போட்டது 350 தனி."